ஒரு நாளைக்கு ஒரே இடம்

அப்பா,

உங்கள் தோல் பையை இன்று காலையில்தான் ஆணியிலிருந்து இறக்கினேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது, இனி எடுத்து வைக்கலாம் என்று அம்மா சொன்னாள். திறந்ததும் டீசலும் வேர்வையும் டிக்கெட் காகிதமும் கலந்த அந்த வாசனை வந்தது. உள்ளே விசில், ரப்பர் பேண்ட் சுற்றிய இரண்டு பேனா, பாதி தீர்ந்த சர்க்கரை மாத்திரை அட்டை. அடியில், நான்காக மடித்து, சிங்கப்பூரிலிருந்து நான் உங்களுக்கு எழுதி அனுப்பிய பயணத் திட்டம்.

அதைப் பார்த்தால் அழுகை வரும் என்று யாரும் நினைப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது.

இரண்டு பக்கம். அலுவலகத்தில் எழுதும் அறிக்கைகளுக்குக்கூட நான் அத்தனை சிரமப்பட்டதில்லை. முதல் பக்கத்தின் தலையில் ஒரு வரியை எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்: "ஒரு நாளைக்கு ஒரே இடம்." அதற்குக் கீழே ஐந்து நாட்கள். எந்தப் பேருந்து, எந்த ரயில், எங்கே மாற வேண்டும், எங்கே கழிப்பறை, எங்கே நிழல். நான் எழுதிய வரிகளுக்குப் பக்கத்தில், ஓரம் முழுக்க, உங்கள் நீல பேனா எழுத்து. "காலை பத்தரை, பூங்கா வாசல்" என்று நான் எழுதியதற்கு நேரே, "ஒக்கநாடு செல்வம் - கருவாடு" என்று எழுதியிருக்கிறீர்கள். "கடற்கரை, நாலாவது பெஞ்ச்" என்பதற்கு நேரே எட்டுப் பெயர்கள்.

அந்தத் திட்டத்தை நான் எப்படிப் போட்டேன் என்று உங்களுக்குச் சொன்னதே இல்லை. நீங்கள் வருவதற்கு முன் ஆறு வாரம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், ஒவ்வோர் இடத்துக்கும் நானே போய் வந்தேன். உங்களுக்கு முழங்கால் வலி, சர்க்கரை. அதனால் நகரும் படிக்கட்டு எந்தப் பக்கம், நிறுத்தத்திலிருந்து எத்தனை நிமிட நடை, வழியில் உட்கார இடம் உண்டா என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். அலுவலகக் கூட்டம் ஓய்ந்த பிறகு கிளம்புவது. ஒரு முறைக்கு மேல் வண்டி மாறுவதில்லை. மத்தியானம் திரும்பி வந்து தூங்குவது. டாக்சி வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். பேருந்துக்குள்ளேயே வாழ்க்கையைக் கழித்த மனிதர், ஒரு முறையாவது பயணியாக ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. நான்காவது நாள், ஞாயிறு, கடற்கரையில் நாலாவது பெஞ்சில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிடுவேன் என்றுதான் உங்களிடம் சொல்லிவிட்டுப் போனேன். "ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சுக்க பாப்பா. அதுக்குள்ள மாடில ஒரு ரூம் போட்டுடறேன். பேங்க் பரீட்சை எழுதி இங்கயே தஞ்சாவூர்ல ஒரு வேலைல உக்காந்துடு" என்று திருச்சி விமான நிலைய வாசலில் சொன்னீர்கள். நான் தலையாட்டினேன். நம் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எதற்கும் தலையாட்டுவதுதான் எனக்குத் தெரியும். ஆனால் போன பிறகு அந்த ஊரும் வேலையும் எனக்குப் பிடித்துவிட்டன. யாரும் என்னை யாருடைய மகள் என்று கேட்காத தெருவில் நடப்பது பிடித்துவிட்டது. அங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தேன். கிடைத்தும் விட்டது. இதைத் தொலைபேசியில் சொல்ல முடியாது. தொலைபேசியில் நீங்கள் டிரைவரோடு பேசுவதுபோல் கத்துவீர்கள். "சாப்டியா? சரி. ஒடம்பப் பாத்துக்க. வச்சிடறேன்." அவ்வளவுதான். எனக்கு ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கவே அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும்.

அதனால்தான் அந்த பெஞ்ச். அதில் உட்கார்ந்தால் தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நிற்பது தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் முகத்தைப் பார்க்காமல் பேசலாம் என்று கணக்குப் போட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது.

வியாழக்கிழமை காலையில் நீங்கள் விமான நிலையக் கதவைத் தாண்டி வந்தபோது ஒரு தள்ளுவண்டி நிறைய மூட்டை. உங்கள் துணிமணி மட்டும் தோளில் ஒரு சின்னப் பையில்.

"என்னப்பா இதெல்லாம்?"

"ஒண்ணும் இல்ல பாப்பா. நாலு பொட்டலம்."

பதினான்கு பொட்டலம். நெத்திலிக் கருவாடு, கத்தரி வற்றல், நார்த்தங்காய் ஊறுகாய், கேழ்வரகு மாவு, கோயில் விபூதி, ஒரு கல்யாணப் பத்திரிகை, செய்தித்தாளில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டிய ஓர் இரும்புத் தோசைக்கல். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர், அந்தப் பெயருக்கு முன்னால் ஓர் ஊர்.

"அட்ரஸ் எங்கப்பா?"

"அட்ரஸ் எதுக்கு? நீதான் டைமோட எழுதி அனுப்பியிருந்தியே. அதக் காட்டி அந்தந்த ஸ்டாப்புல நிக்கச் சொல்லிட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது தலை சுற்றியது.

தஞ்சாவூர் - பேராவூரணி வண்டியில் முப்பது வருஷத்துக்கு மேல் கண்டக்டர் நீங்கள். அந்தத் தடத்தில் எந்தப் பொட்டலத்துக்கும் முகவரி கிடையாது. பட்டுக்கோட்டையில் ஏற்றும் மருந்துப் பையை ஒரத்தநாட்டில் ஓர் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். காலை வண்டியில் போன மகள் வீட்டில் மறந்துவிட்ட சாப்பாட்டு டப்பாவை அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவாள் ஒரு தாய். கண்டக்டர் படியில் நின்றபடியே நீட்டுவார், கீழே ஒரு கை வாங்கும். வண்டியின் நேரம் தெரிந்தால் போதும். நீங்கள் என் திட்டத்தை அப்படித்தான் படித்திருக்கிறீர்கள். உங்கள் மகள் உட்கார்ந்து பேசுவதற்காகத் தேடித் தேடி எழுதிய தாளை, வண்டி நேர அட்டவணையாகப் படித்திருக்கிறீர்கள். படித்ததோடு நிற்காமல் ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டிலும் பட்டுக்கோட்டையிலும் பேராவூரணியிலும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டீர்கள். "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு நாங்க கடற்கரைல இருப்போம். ஒம் மவனுக்குப் போன் போட்டு வரச் சொல்லு."

வெள்ளிக்கிழமை பூங்கா வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இரவு வேலை முடித்து, கனமான வேலை பூட்ஸோடு, கண் சிவக்க. ஒருவர் ஒக்கநாடு செல்வம். உங்களைப் பார்த்ததும், "மாமா, வண்டி ரைட் டைம்தான்!" என்றார். நீங்கள் சிரித்த சிரிப்பு வாசலில் நின்ற காவலாளியைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அங்கேயே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினீர்கள். புது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா, குறுவை போட்டார்களா, யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் சண்டை. நான் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்பின் தெரியாத ஆண்கள் நடுவே எங்கே பார்ப்பது என்று எனக்கு எப்போதுமே தெரியாது. அவர்கள் போனதும் வெயில் ஏறிவிட்டது.

"உள்ள போலாம்ப்பா."

"பாத்தாச்சே பாப்பா. மரந்தானே. நம்மூர்ல இல்லாத மரமா?"

திரும்பும்போது மாடிப் பேருந்து. மேலே முன் ஜன்னலோரத்தில் இரண்டு இடமும் காலி. அதற்காகவே அந்த நேரத்தைப் பார்த்து வைத்திருந்தேன். நீங்கள் மேலே ஏறவே இல்லை. கீழே கதவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டீர்கள்.

"உக்காருங்கப்பா, எடம் இருக்குல்ல?"

"கண்டக்டரே இல்லாத வண்டிடி பாப்பா. யாராவது பாத்துக்க வேணாமா?"

ஒரு சீனப் பாட்டி காய்கறி வண்டியை இழுத்துக்கொண்டு ஏறத் தடுமாறியபோது, குனிந்து தூக்கி உள்ளே வைத்து, "உள்ள போங்கம்மா, உள்ள போங்க, படில நிக்காதீங்க" என்றீர்கள். அந்த அம்மாள் சிரித்தாள். எனக்கு வெட்கமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்று இப்போது சொல்வது சுலபம். அன்றைக்கு எரிச்சல்தான்.

சனிக்கிழமைப் படகுத் துறையும் அப்படியே போயிற்று. மூன்று பேர். மூன்று பேரும் வாங்கிக்கொண்டு சும்மா போகவில்லை. ஊருக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். சோப்பு, தைலம், குழந்தைக்குச் சட்டை. நீங்கள் கொண்டுவந்த மூட்டை குறையக் குறைய இன்னொரு மூட்டை வளர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை. நாம் போய்ச் சேர்ந்தபோது நாலாவது பெஞ்சில் இடமே இல்லை. எட்டுப் பேர் உட்கார்ந்தும் நின்றும் குந்தியும் இருந்தார்கள். ஒருவர் டிபன் பெட்டியில் லெமன் சாதம் கொண்டுவந்திருந்தார். நீங்கள் நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கொடுத்தவளின் குரலிலேயே சேதியையும் சொன்னீர்கள். "ஒங்கம்மா சொல்லுச்சு, ஊறுகாயத் தண்ணிக் கையால தொடாதயாம், தொட்டா நாறிடுமாம்." எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஊறுகாயை வாங்கிய பிள்ளை மட்டும் பொட்டலத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதை நான் பார்த்தேன். பார்த்த பிறகு கோபப்படக்கூட முடியாமல் போனது. அதுவே இன்னும் கோபமாக இருந்தது. சாயங்காலம் நான்கு மணி வரை அங்கே இருந்தோம். நாம் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து உட்கார்ந்தது, நான் உங்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்த ஒரு நிமிடம்தான்.

"அப்பா, ஒங்ககிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"செத்த இரு பாப்பா, அவனக் கேட்டுட்டு வந்துடறேன்" என்று எழுந்து போய்விட்டீர்கள்.

திங்கட்கிழமை மிச்சம் இருந்தது தோசைக்கல் மட்டும். அதை வாங்க வேண்டியவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அதனால் நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றீர்கள். அன்றைக்கு நான் ஒன்றுமே வைக்கவில்லை. மறுநாள் விமானம், அதனால் வீட்டில் ஓய்வு என்றுதான் எழுதியிருந்தேன். ரயிலில் கடைசி நிலையம் பக்கம் வரை போய், அங்கிருந்து பேருந்து, அப்புறம் கப்பல் பட்டறைகளுக்கு நடுவே நடை. தொழிலாளர் விடுதியின் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றோம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்தார் மனோகரன். பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வீடு. காதோரம் நரைத்துவிட்ட ஆள்.

"அண்ணே, இதப் போய் எம்புட்டுத் தூரம் சொமந்துட்டு வந்தீங்க!"

"எத்தினி வருசமாச்சுப்பா நீ வந்து?"

"பதினாறு முடிஞ்சிதுண்ணே."

"ஊருக்கு எப்ப வர்றதா உத்தேசம்?"

"அடுத்த வருசம். போன வருசமும் இதத்தான் சொன்னேன். அதுக்கு முந்துன வருசமும் இதத்தான் சொன்னேன். எம் பொண்டாட்டி இப்பக் கேக்குறதையே வுட்டுட்டா. நீ அங்கனயே தோசை ஊத்தித் தின்னுன்னு கல்லக் குடுத்து வுட்டுட்டா பாருங்க."

இரண்டு பேரும் அப்படிச் சிரித்தீர்கள். சிரித்து முடித்து, என் தோளைத் தொட்டு, நீங்கள் சொன்னீர்கள்: "எம் பாப்பா அப்படி இல்லப்பா. வர்ற சித்திரைக்கு வந்துடும். மாடில ரூம் வேலை நடக்குது."

"நான் வரலப்பா."

அது என் குரல் என்று எனக்கே தெரிய ஒரு நொடி ஆயிற்று.

"ரூமெல்லாம் கட்டாதீங்க. நான் இங்கதான் இருக்கப்போறேன். எழுதிக் குடுத்து, பர்மிஷனும் வாங்கிட்டேன். இதச் சொல்லத்தான் ஒங்களக் கூப்டேன். அஞ்சு நாளா ஒரு அஞ்சு நிமிஷம் குடுத்தீங்களா எனக்கு? ஊர்ல உள்ளவன் பொட்டலத்துக்கெல்லாம் ஒங்ககிட்ட நேரம் இருக்கு."

பெஞ்ச், கப்பல், முகம் பார்க்காத பேச்சு என்று நான் திட்டமிட்டது அத்தனையும் போய், ஒரு கம்பிக் கதவின் முன்னால், தெரியாத மனிதர் ஒருவர் எதிரே, அழுதுகொண்டே கத்தினேன். மனோகரன் தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அண்ணே, நான் ஒரு டீ வாங்கியாந்துடறேன்" என்று நகர்ந்துவிட்டார். அவருடைய சாப்பாட்டு நேரத்தை நாம் தின்றுவிட்டோம்.

நீங்கள், "திரும்பிப் போற வண்டி எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டீர்கள். திரும்பும் பேருந்தில் நீங்கள் நிற்கவில்லை. ஜன்னலோர இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் ஆசைப்பட்டதுபோலவே வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். ரயில் மாறும்போது, "ஊரு சுத்தமா இருக்கு" என்றீர்கள். மறுநாள் விமான நிலையத்தில், "ஒடம்பப் பாத்துக்க" என்றீர்கள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசினோம். ஒரு தடவையாவது அந்தப் பேச்சை எடுப்பீர்கள் என்று காத்திருந்தேன். திட்டினால்கூடப் போதும் என்று இருந்தது. மழை, வண்டி, சர்க்கரை, வச்சிடறேன். மார்கழியில் ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். நான் வந்து சேர்வதற்குள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

சாவுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "சித்திரைல பாப்பா வந்துடும், வந்துடும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரும்மா. பாக்காமப் போயிட்டாரே." உங்கள் டிரைவர் சொன்னார், டீக்கடைக்காரர் சொன்னார், ஒக்கநாட்டிலிருந்து வந்த செல்வத்தின் அம்மா சொன்னார். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அறை முடிந்திருந்தது. ஜன்னலுக்குக் கொசு வலைகூட அடித்திருந்தீர்கள். கொத்தனார் அதைப் போன மாதம்தான் வைத்தாராம். நான் அந்த அறையின் நடுவில் நின்றுகொண்டு, இந்த மனிதர் என் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை என்று நினைத்தேன். ஊரார் சொல்லி அனுப்பிய ஊறுகாய்ச் சேதியை வார்த்தை மாறாமல் சேர்த்தவர், நான் சொன்னதை மட்டும் வழியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

இன்று உங்கள் தாளை வைத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நான் திரும்பி வரமாட்டேன். அங்கயேதான் இருப்பேன். அப்பாகிட்ட சொன்னேன். அவரு ஒங்கிட்டச் சொல்லல போல."

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொன்னாரே. வந்த அன்னிக்கே சொன்னாரு."

"அப்புறம் ஏம்மா ஊரெல்லாம் வந்துடும் வந்துடும்னு சொல்லிட்டுத் திரிஞ்சாரு?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'வரமாட்டேன்னு சொல்லிடுச்சுன்னு வெளில சொல்லிட்டா, நாளைக்கு அதுக்கு அங்க முடியலன்னு வந்து நின்னுச்சுன்னா, ஏன் வந்தேன்னு தெருவே கேக்கும்டி. வரும் வரும்னு சொல்லி வச்சிட்டா, என்னிக்கு வந்தாலும், ஆமா அப்பன் சொன்னானேன்னு போயிடுவாங்க' அப்புடின்னாரு. எங்கிட்ட மட்டும் என்ன சொன்னாரு? வராட்டியும் பரவால்ல, வந்தா படுக்க ஒரு எடம் வேணும்ல, கொசு வல போடுன்னாரு."

அப்பா, இதை என்னிடம் சொல்லியிருக்கலாம். பேருந்தில் அத்தனை தூரம் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன். ரயிலில் சொல்லியிருக்கலாம். ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. "சரி பாப்பா" என்று இரண்டு வார்த்தை. அதைச் சொல்லாமல், எனக்காக ஊர் முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறீர்கள். நான் பேசத் தெரியாதவள் என்று சொல்வீர்களே, நான் யாரைக் கொண்டு பிறந்தேன் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் கடைக்குப் போனபோது எதிர்வீட்டு அக்கா கேட்டார்: "சித்திரைக்கு வந்துடுவல்ல பாப்பா?" நான் துணிந்து, "இல்லக்கா, வரல" என்றேன். "ஒங்கப்பா அப்புடிச் சொல்லலியேம்மா" என்று என்னைப் பார்த்த பார்வையில் நான் குற்றவாளியாகவில்லை. நீங்கள்தான் ஆனீர்கள். மகள் மனசு தெரியாமல் ஏமாந்துபோன அப்பாவி என்றோ, தெரிந்தே கதை கட்டினவர் என்றோ அவர் நினைத்திருப்பார். இரண்டும் எனக்குப் பொறுக்கவில்லை. வரும் வழியில் இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களிடம் பேசாமல் நின்றேன். தலையைக்கூட ஆட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் விமானம். அதற்குள் இந்தத் தெருவே கேட்டுவிடும். என் பதில் மாறவில்லை. நான் வரமாட்டேன். ஆனால் உங்கள் சொல்லைப் பொய்யாக்காமல் அதைச் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் பொய்யைச் சொல்லவும் வாய் வரவில்லை. உங்களிடம் கேட்டால், "செத்த இரு பாப்பா" என்பீர்கள். இந்தக் கோபத்தை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்று தெரியாமல், கூடவே எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

உங்கள்
பாப்பா